தண்ணியில ரெண்டு தட்டு

மாலா: ம்ம்... ம்ம்ம்ம்.

ரோசி: வாயில இக்கற பறிய எடுத்துட்டுப் பேசுடி. ஓலைக்கூடைய கடிச்சுக்கினு பேசுனா கன்னுக்குட்டி கத்தற மாதிரி இக்குது.

மாலா: பறிய எடுத்தா நாலு எறா போயிடுது அண்ணி. ரெண்டு கையும் சேத்துல இக்கச்சொல்ல வாயில கடிக்காம தலையிலயா கட்டிக்குவாங்க? நீ எறா தடவ வந்தியா, வாய் தடவ வந்தியா?

ரோசி: நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு மறுபடி கடிச்சுக்க. சாயங்காலம் நாலு மணிக்கு வரியா, வரலியா?

மாலா: ம்ம்ம்.

ரோசி: அதுக்குள்ள கடிச்சுக்கினா. இவள இன்னா பண்றது... மாலா. ஏ நாத்தனாரே. எங்க வூட்டு மகாராணி.

மாலா: எங்க அண்ணன் உன்ன கட்டிக்கினு வந்த நாள்லேருந்து இந்த ஏரியில அமைதியே இல்ல. ஏரிக்கு அந்தாண்ட ராக்கெட்டு விட்டாகூட அஞ்சு நிமிசத்துல சத்தம் அடங்கிப்போவுது.

ரோசி: உங்க அண்ணன் இன்னிக்கு சோறு ஆக்கறாரு, தெரியுமா?

மாலா: வடிவேலு அண்ணனா? அய்ய. அரிசிய கழுவுவாரா?

ரோசி: அரிசிய ஒரு தடவ, கைய பத்து தடவ. "நீ எறா தடவிட்டு நேரா கூட்டத்துக்குப் போ, அடுப்ப நான் பாத்துக்கறேன்"னாரு. இருவத்தி மூணு வருசத்துல மொதல் தடவ.

மாலா: அப்ப இன்னிக்கு உங்க வூட்ல எல்லாருக்கும் வயித்தால போவும்.

ரோசி: பேச்ச மாத்தாத. வரியா?

மாலா: ஊர்க்கூட்டம்னா ஆம்பளைங்க குந்தற எடம். நமுக்கு அங்க இன்னா வேல அண்ணி?

ரோசி: செவ்வந்திய கூப்பிட்டு நடுவுல நிக்க வைக்கறாங்கல்ல. இருவது வயசுப் பொண்ணு. சுத்தி நாப்பது ஆம்பளைங்க. பக்கத்துல அவ அம்மா ஒண்டி. அதான் வேல.

மாலா: அதான் நீ ஊரெல்லாம் சுத்தி ஆள் சேத்துட்டியே. எத்தினி வூடு?

ரோசி: பத்தொம்பது. உன்னுது இருவது.

மாலா: சொந்த நாத்தனா கடைசி. செவுத்துக்கு அந்தாண்டதான் இக்கறேன். நீ தும்முனா எனுக்குக் கேக்குது. அந்தக் கோடி வூடு வரைக்கும் போயிட்டு வந்தவளுக்கு...

ரோசி: இன்னா பண்றது மாலா. சில சமயம் பக்கத்து வூடுதான் தூரமா இக்குது.

மாலா: ...இன்னா அது புதுசா? மீஞ்சூர்ல மகளிர் குழு டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்தாங்களா?

ரோசி: ஆமா. மதியம் தயிர்சோறும் குடுத்தாங்க.

மாலா: அந்த நோட்டீசு எங்க? அங்கேருந்து பெருசா சுருட்டிக்கினு வந்தியே. அத்த வச்சுக்கினு எல்லா வூட்லயும் படிச்சியாமே.

ரோசி: அத்த வுடு.

மாலா: லோகநாயகி அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. ஆனா இன்னான்னு முழுசா சொல்ல மாட்டேன்னுது. "உங்க அண்ணிய கேளு"ன்னுது.

ரோசி: சிரிக்கட்டும். நாப்பது வயசுக்கு மேல எழுத்து கத்துக்கினவ நான். ஒவ்வொரு எழுத்தா சேத்துல கைய விட்டுத் தடவுற மாதிரிதான் படிப்பேன். கைக்கு வந்தா எறா, வராட்டி நண்டு கடி.

மாலா: சொல்லு சொல்லு.

ரோசி: அந்த நோட்டீசுல, மேல் வரி "பாதி"ன்னு முடிஞ்சுட்டுது. மீதி எழுத்து கீழ் வரில போயிட்டுது. நான் மேலயே நின்னுட்டேன். அதுக்கப்புறம் "பெண்"ணுன்னு ஒண்ணு இக்குது. பாதிப் பெண்ணுன்னு படிச்சுட்டேன்.

மாலா: பாதிப் பெண்ணா?

ரோசி: பொருத்தமாத்தான் இருந்துச்சு. இப்படி ஒரு கொடும நடந்தா பொம்பள பாதியாப் போயிடுவா, அத்ததான் அரசாங்கத்துல அப்படி எழுதுறாங்கன்னு நெனச்சுக்கினேன். மொத மூணு வூட்லயும் அதையேதான் சொன்னேன். "செவ்வந்தி இப்ப பாதிப் பொண்ணு, மீதிப் பாதி நாமதான்"னு. லோகநாயகி அக்கா ஓன்னு அழுதுச்சு.

மாலா: அய்யோ அண்ணி...

ரோசி: சிரி, சிரி. எறாவெல்லாம் ஓடட்டும். நாலாவது வூடு செவ்வந்தி வூடு. அவகிட்டயும் அதையே சொன்னேன்.

மாலா: அவகிட்டயேவா?

ரோசி: ஆமா. அவ நோட்டீச வாங்கிப் பாத்தா. கீழ் வரில வெரல வச்சுக் காட்டுனா. "ரோசிக்கா, இது பாதி இல்ல. பாதிக்கப்பட்ட. நான் முழுசாதான் இக்கறேன்"னா. சொல்லிட்டு சிரிச்சா மாலா. அது நடந்து எட்டு நாள் கழிச்சு அன்னிக்குத்தான் அந்தப் பொண்ணு பல்ல பாத்தேன்.

மாலா: ...முழுசாதான்னு சொன்னாளா?

ரோசி: சொன்னா.

மாலா: அவளா சொன்னாளா?

ரோசி: அவளாதான். ஏன்?

மாலா: சும்மாதான். தோ உன் காலாண்ட ஒண்ணு போவுது, பிடி.

ரோசி: பிடிச்சுட்டேன். நண்டு. கடிக்கட்டும்... அதுக்கப்புறம் நோட்டீச மடிச்சு அரிசி டப்பால வச்சுட்டேன். மீதி வூட்லயெல்லாம் ஒரே கேள்விதான். "தண்ணியில ரெண்டு தட்டு கேட்டா நீ இன்னா பண்ணுவ?"

மாலா: இன்னா கேள்வி இது? ஓடுவோம்.

ரோசி: ஏன் ஓடுவ?

மாலா: கெளுத்தி முள்ளு குத்தியிருக்கும். வாயில பறி இக்கச்சொல்ல கத்த முடியாதுன்னுதான ரெண்டு தட்டு தட்றோம். இது எறா தடவற எந்தப் பொம்பளைக்குத் தெரியாது?

ரோசி: ஓடிப்போயி மொதல்ல இன்னா கேப்ப?

மாலா: எந்தக் கால்னு கேப்பேன்.

ரோசி: "ஏன்டி அந்த எடத்துல கால வச்ச"ன்னு கேப்பியா?

மாலா: லூசா அண்ணி நீ? வெசம் ஏறித் துடிச்சுக்கினு இருப்பா.

ரோசி: "நேத்தே கெளுத்தி இருந்துச்சே, தெரியாதா உனுக்கு"ன்னு கேப்பியா? "எந்தச் சேலை கட்டிக்கினு எறங்குன"ன்னு கேப்பியா?

மாலா: ...கேக்க மாட்டேன்.

ரோசி: அவ்ளோதான். பதினஞ்சு வூட்லயும் இதான் பேசுனேன். எல்லாருக்கும் புரிஞ்சுது. நோட்டீசுல இல்லாததெல்லாம் இந்த ஏரியிலயே இக்குது. யாரையாச்சும் குத்துனா நாம முள்ளத்தான திட்டுவோம், கால திட்ட மாட்டோமே.

மாலா: சோக்காத்தான் பேசற. ஓட்டு கேக்க நிக்கப் போறியா?

ரோசி: நின்னா நீ போடுவியா?

மாலா: சோறு நல்லா ஆக்கறாருன்னு எங்க அண்ணனுக்குப் போடுவேன்.

ரோசி: போடி. ...செவ்வந்தி உன்னத்தான் கேட்டா மாலா.

மாலா: என்னையா? என்ன எதுக்கு?

ரோசி: "மாலாக்கா வந்து பக்கத்துல குந்துனா நான் கூட்டத்துக்கு வரேன்"னா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனவ நானு. மகளிர் ஸ்டேஷன்ல காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் பெஞ்சுல குந்துனவ நானு. ஆனா அந்தப் பொண்ணுக்கு மாலாக்கா வேணுமாம்.

மாலா: நான் ஒண்ணும் பண்ணலியே.

ரோசி: தெனம் காத்தால தூக்குல கஞ்சி எடுத்துக்கினு போறது யாரு? நான் பாக்கலன்னு நெனச்சியா? செவுத்துக்கு அந்தாண்டதான் இக்கறேன்.

மாலா: அவங்க அம்மா அழுதுக்கினே இக்கறாங்க. அடுப்பு மூட்டல. அதான்.

ரோசி: மொத நாள் போயி இன்னா கேட்ட அவள?

மாலா: ஒண்ணும் கேக்கல. தலைய வாரி விட்டேன். ரெண்டு பேரும் கம்முனு குந்திக்கினு இருந்தோம். வெயில் வந்துச்சு, எழுந்து வந்துட்டேன்.

ரோசி: அத்ததான் அவளும் சொன்னா. "எல்லாரும் கேட்டாங்க ரோசிக்கா, நீகூட கேட்ட. மாலாக்கா ஒண்டிதான் கேக்கல"ன்னு. எனுக்கு ரெண்டு நாள் டிரெய்னிங் குடுத்தாங்க. பெரிய பெரிய படமெல்லாம் போட்டுக் காட்னாங்க. உனுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?

மாலா: ...தண்ணி ஏறுது பாரு. சீக்கிரம் தடவு.

ரோசி: முட்டிக்குக்கூட வரல. இன்னா ஏறுது?

மாலா: சரி, இரு. கூட்டத்துல நீ ஒழுங்காப் பேசுவியான்னு பாக்கலாம். இப்ப நான்தான் தலைவர் கோதண்டம். தொண்டைய செருமிக்கறேன். ஹ்ம்ம்... இன்னாமா ரோசி. பொம்பளைங்கள்லாம் திரண்டு வந்துருக்கீங்க. படகு போட்டி ஏதாச்சும் இக்குதா?

ரோசி: அவரே மாதிரி இக்குதுடி. அந்த மீசைய நீவறத விட்டுட்ட.

மாலா: நீவிக்கினேன். கேளு. இந்த ஹரிஹரன் எட்டு வருசமா நம்ம ஊருக்கு வந்து எறா எடை போடறான். உங்க எறாவெல்லாம் அவன்தான் எடுக்கறான். ஒரு நாள் ஏதோ தப்பு நடந்து போச்சு...

ரோசி: நடந்து போவல தலைவரே. அவன் செஞ்சான். எறா குடுக்கப் போன பொண்ண ஐஸ் ஷெட்டுக்குள்ள தள்ளிக் கதவ சாத்துனான். அவ வேணாம் வேணாம்னு சொன்னா. கதவு தானா சாத்திக்குமா?

மாலா: சரிம்மா, சரி. அவன்தான் தாலி கட்டிக்கறேன்னு சொல்றானே. ஸ்டேஷன்ல குடுத்தத வாபஸ் வாங்கிட்டா ரெண்டு பக்கமும் சுமுகமா முடிஞ்சுடும்.

ரோசி: கெளுத்தி குத்துன கால்லயே அந்தக் கெளுத்திய கட்டிக்கினு காலம் பூரா நடக்கச் சொல்றீங்களா?

மாலா: ...இது நல்லா இக்குது அண்ணி. இத்த மறக்காத.

ரோசி: மறக்க மாட்டேன். ராத்திரியெல்லாம் ஆட்டுக்குட்டிகிட்ட சொல்லிப் பாத்தேன். அது ஒத்துக்கிச்சு.

மாலா: அடுத்தது. அவன் எறா எடுக்கலன்னா உங்க பொழப்பு?

ரோசி: எட்டு நாளா என் எறாவ அவன்கிட்ட போடல. ஆரம்பாக்கம் பஸ்சுல நானே கூடைய தூக்கிக்கினு போறேன். நாளைக்கு எல்லாருமே போவோம். பஸ்சு நாறும், கண்டக்டர் திட்டுவாரு. திட்டட்டும்.

மாலா: அவ ஏன் ஒண்டியா ஷெட்டாண்ட போனா?

ரோசி: நாம எல்லாரும் தெனம் போற எடம்தான். அவன் ஏன் கதவ சாத்துனான்னு கேளுங்க.

மாலா: ஏன் கத்தல?

ரோசி: வாயில பறி இருந்தா நீங்க கத்துவீங்களா? பயமும் பறி மாதிரிதான். கடிச்சுக்கினா வாய் தெறக்காது.

மாலா: ஏன் அன்னிக்கே சொல்லல? எல்லாம் முடிஞ்சு போச்சு, கல்யாணம் ஆச்சு, கொழந்த பொறந்துச்சு, பதிமூணு வருசம் கம்முனு இருந்துட்டு இப்ப வந்து இன்னாத்த...

ரோசி: மாலா.

மாலா: ரெண்டு நாளுன்னு சொல்ல வந்தேன். ரெண்டு நாள் கழிச்சுதான சொன்னா செவ்வந்தி. தலைவர் கேப்பாருல்ல, ஏன் ரெண்டு நாள்னு. வாய் தவறிடுச்சு.

ரோசி: ஆமா. ரெண்டு நாள்.

மாலா: வெயில்ல மண்ட காயுது. நான் அந்தப் பக்கம் தடவறேன். இங்க நீ பேசிப் பேசி ஒண்ணத்தையும் காணோம்.

ரோசி: அங்க சேறு ஆழம்டி. இங்கயே இரேன்... மாலா. பறிய கடிச்சுக்கினு போயிட்டா. அவ்ளோ தூரம் ஏன் போற? ...சரி, போ. நான் இங்கயேதான் இக்கறேன்.

ரோசி: ...இன்னா சத்தம் அது? ரெண்டு தட்டு. மாலா, நீயா தட்டுன? கால அசைக்காத. வந்துட்டேன், வந்துட்டேன்... இந்த சேறு வேற... தோள பிடி. நல்லா பிடிச்சுக்க. எந்தக் கால்?

மாலா: ம்ம்...

ரோசி: பறிய துப்பு. போனா போவுது எறா. இந்தக் காலா? காட்டு... இதுல ஒண்ணும் இல்ல. அந்தக் கால தூக்கு. அதுலயும் ரத்தம் இல்லியே. முள்ளு எங்கடி?

மாலா: கால்ல இல்ல அண்ணி. கால்ல இல்ல.

ரோசி: ...சரி. சரிம்மா. வா, அந்த மேட்டுல போயி குந்திக்கலாம். மெதுவா வா. என் மேல சாஞ்சுக்க. எனுக்கு ஒண்ணும் கனமா இல்ல.

மாலா: பொய் சொல்லாத. உனுக்கு முட்டி வலி.

ரோசி: இன்னிக்கு லீவு அதுக்கு... குந்து. தோ, தண்ணி பாட்டலு. குடி.

மாலா: கேளு அண்ணி.

ரோசி: நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

மாலா: டிரெய்னிங்ல சொன்னாங்களா?

ரோசி: இல்ல. உன்னப் பாத்துக் கத்துக்கினேன். தலைய காட்டு, முடியெல்லாம் சேறு.

மாலா: ...மீஞ்சூருக்கு அந்தாண்ட எறா உரிக்கற கம்பெனிக்குப் போனேன்ல. கல்யாணத்துக்கு முன்ன.

ரோசி: ம்.

மாலா: வேன்ல கொண்டாந்து விடுவானே, அந்த மேஸ்திரி. கடைசி ஸ்டாப்பு நான்தான். மத்தவங்கள்லாம் எறங்கிட்டாங்க. ...அவ்ளோதான் அண்ணி. அதுக்கு மேல சொல்ல வரல.

ரோசி: சொல்ல வேணாம். இவ்ளோ போதும்.

மாலா: அன்னிக்கு சாயங்காலம் உங்க வூட்டுக்குத்தான் நேரா வந்தேன். நைனாகிட்ட சொல்ல முடியாது. அம்மா இல்ல. நீதான் இக்கறன்னு வந்தேன். நீ வாசல்ல மீன் அறுத்துக்கினு இருந்த.

ரோசி: மடவை.

மாலா: ஞாபகம் இக்குதா?

ரோசி: டீவியில ஏதோ ஒரு ஊர்ப் பொண்ணப் பத்திச் சொல்லிக்கினு இருந்தாங்க. நான் மீன அறுத்துக்கினே வாய் பேசிக்கினு இருந்தேன். நீ வந்து நின்ன. உள்ள வரல. செருப்பு கழட்டல. நீல கலரு ரப்பர் செருப்பு, ஒரு வாரு அறுந்து பின்னு குத்தியிருந்துச்சு.

மாலா: ...அப்ப உனுக்கு எல்லாம் தெரியுது.

ரோசி: தெரியுது.

மாலா: நீ சொன்னது தெரியுதா?

ரோசி: சொல்லு. நீயே சொல்லு. உன் வாயால கேட்டுக்கறேன்.

மாலா: "முள்ளு மேல சேலை விழுந்தாலும், சேலை மேல முள்ளு விழுந்தாலும், கிழியறது சேலைதான். பொட்டச்சிதான் பாத்து நடக்கணும்"னு சொன்ன.

ரோசி: சொன்னேன்.

மாலா: நான் அப்படியே திரும்பிட்டேன். வேல பிடிக்கல, நின்னுட்டேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

ரோசி: பாதி சொல்லச்சொல்லவே தலைய தூக்கி உன்னப் பாத்துட்டேன் மாலா. மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுட்டுது. அங்கயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. முழுசா சொல்லி முடிச்சேன். நீ திரும்பிப் போறதையும் பாத்தேன். பாத்துட்டு மீனையே அறுத்துக்கினு இருந்தேன்.

மாலா: தெரிஞ்சுமா?

ரோசி: தெரிஞ்சுதான். நீ அன்னிக்குத் தண்ணிய தட்டுன. எனுக்குக் கேட்டுச்சு. நான் வரல. திட்டு. அடிக்கணும்னா அடி. பதிமூணு வருசமா உன்கிட்ட வந்து சொல்லணும்னு நெனப்பேன், செவுத்த தொட்டுட்டுத் திரும்பிடுவேன். இந்தப் பொண்ணுக்குன்னு கெளம்பி ஊரெல்லாம் சுத்துறனே, ஒவ்வொரு வூட்லயும் உன்னத்தான் நெனச்சுக்கினு பேசுனேன். உன் வூட்டு வாசல் வந்தா ஒண்டி கால் ஏறல. மன்னிச்சுடுன்னு கேக்க வாய் வரல. இப்பதான் வருது. மன்னிச்சுடு மாலா.

மாலா: கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன் அண்ணி.

ரோசி: சொல்லாத.

மாலா: என் கல்யாணத்துல நீதான் எனுக்குப் பூ வச்ச. என் பிரசவத்துல ரெண்டு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவுல தரையில படுத்துக் கெடந்த. ஒவ்வொரு தடவையும் நெனப்பேன், இந்த அண்ணியா அத்த சொன்னான்னு. பாசமும் நீதான், முள்ளும் நீதான். எத்த எடுக்கறது, எத்த விடறது?

ரோசி: ரெண்டும் நான்தான். என்னால வேற இன்னா சொல்ல முடியும்?

மாலா: ...அந்தப் பொண்ணு முழுசாதான் இக்கறேன்னு சொன்னான்னு நீ சொன்னல்ல. எட்டு நாள்ல அவளுக்குத் தெரிஞ்சுட்டுது. பதிமூணு வருசமா நான் பாதின்னே நெனச்சுக்கினு இருந்தேன் அண்ணி. நோட்டீச தப்பாப் படிச்சவ நீ ஒருத்தி இல்ல.

ரோசி: ...தலைய இந்தப் பக்கம் திருப்பு. சேறு இன்னும் போவல.

மாலா: சேறு இல்ல அங்க. நீ அழுவறதுக்கு என் தலைய பிடிச்சுக்கினு இக்கற.

ரோசி: வாய மூடு.

மாலா: இப்பதான் தெறந்துருக்கேன்.

ரோசி: ...மாலா, ஒண்ணு சொல்றேன். கூட்டத்துல உன் கதைய நீ சொல்லணும்னு இல்ல. உங்க வூட்டுக்காரர்கிட்ட, யாருகிட்டயும், என்கிட்ட சொல்லிட்டோமேன்னு சொல்ல வேணாம். உனுக்குத் தோணுனா சொல்லு. தோணலன்னா இந்த மேட்டோட இருக்கட்டும். மேஸ்திரி மேல எழுதிக் குடுக்கணும்னு என்னிக்காச்சும் தோணுச்சுன்னா சொல்லு, ஸ்டேஷன் பெஞ்சு எனுக்குப் பழகிடுச்சு.

மாலா: அவன் செத்துட்டான். ஆக்சிடெண்ட்டுன்னு கேள்விப்பட்டேன். அன்னிக்கு ரெண்டு தடவ குளிச்சேன்.

ரோசி: ம்.

மாலா: கூட்டத்துக்கு வரேன்.

ரோசி: கட்டாயம் இல்லடி. செவ்வந்திகிட்ட நான் சொல்லிக்கறேன்.

மாலா: வரேன்னு சொல்றேன்ல. அவ ஒரு பக்கம் நான் குந்துறேன். பேச மாட்டேன். தலைவர் வாயிலேருந்தோ, அந்த ஹரிஹரன் ஆளுங்க வாயிலேருந்தோ, "ஏன் அங்க போன"ன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா...

ரோசி: வந்துச்சுன்னா?

மாலா: தரையில ரெண்டு தட்டு தட்டுவேன்.

ரோசி: நீ தட்டுனா மத்த பத்தொம்பது வூடும் தட்டும். புயல் ஷெல்டர் முன்னாடிதான் கூட்டம். சிமெண்ட்டு தரை. பசியாவரம் வரைக்கும் கேக்கும்.

மாலா: ஆம்பளைங்களுக்கு ரெண்டு தட்டுன்னா இன்னான்னு தெரியுமா?

ரோசி: அவங்க அம்மா, பொண்டாட்டி எல்லாம் இந்தச் சேத்துலதான எறங்கறாங்க. தெரியும். உங்க அண்ணனுக்குத் தெரியும். சோத்த கொழைய விட்டுட்டு அவரும் வந்து பின்னாடி நிக்கறேன்னாரு.

மாலா: கொழைய விட்டாச்சா அதுக்குள்ள?

ரோசி: பத்து மணிக்கே போன் பண்ணி, தண்ணி எவ்ளோ வைக்கணும்னு மூணு தடவ கேட்டாரு. எழுந்துரு. உன் பறி அங்க மெதக்குது பாரு.

மாலா: எறாவெல்லாம் போச்சு.

ரோசி: போவட்டும். என் பறியில இக்கறது ரெண்டு பேருக்கும் போதும். கூட்டத்துக்கு அந்தப் பச்சை சேலைய கட்டிக்கினு வா. எந்தச் சேலைன்னு யாரும் கேக்க மாட்டாங்க இன்னிக்கு.

மாலா: அண்ணி.

ரோசி: இன்னா?

மாலா: அன்னிக்கு என் மூஞ்சியப் பாத்ததும் தெரிஞ்சுட்டுதுன்னியே. எங்க நைனாவுக்குத் தெரியல. அண்ணனுக்குத் தெரியல. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. உனுக்கு ஒண்டி எப்படித் தெரிஞ்சுது?

ரோசி: ...தண்ணி ஏறுது, வா.

மாலா: முட்டிக்குக்கூட வரல. சொல்லு. அந்த முள்ளு, சேலைன்னு ஒண்ணு சொன்னியே, அத்த உனுக்கு யார் சொன்னா?

ரோசி: தோ உன் பறி, வாயில கடிச்சுக்க. அப்பதான் நடுவுல பேச மாட்ட. சொல்றேன்.

மாலா: ம்ம்.

ரோசி: எங்க அம்மா. ஆரம்பாக்கத்து வூட்ல, வாசல்ல குந்திக்கினு மீன் அறுத்துக்கினே சொன்னாங்க. எனுக்கு அப்ப பதினேழு வயசு மாலா... நானும் செருப்பு கழட்டாமத்தான் நின்னுக்கினு இருந்தேன்.